பின்கோடு 39

மூன்று நாளாக எல்லாரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். மேடையில் ஒரு தொகுப்பாளர் ஒரு பெண்ணிடம் எந்த ஊர் என்று கேட்கிறார். வடசென்னை, வியாசர்பாடி என்கிறாள் அந்தப் பெண். உடனே தொகுப்பாளர், அவள் திருடிவிடுவாள் என்பதுபோல், தன் சட்டைப்பையைப் பொத்திக்கொள்கிறார். அரங்கமே சிரிக்கிறது.

"அவளே சிரித்துவிட்டாள், உங்களுக்கு என்ன வந்தது?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அத்தனை பேர் நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவள் அழவா முடியும்? அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நானும் அப்படிச் சிரித்தவன்தான்.

2001-ல் முதல் வேலைக்கு விண்ணப்பித்தபோது முகவரியில் வியாசர்பாடி என்று போடாமல், பக்கத்திலிருக்கும் பெரம்பூர் என்று எழுதினேன். எங்கள் பக்கத்தில் பலரும் செய்கிற காரியம். நேர்காணல் நடத்தியவர் விவரமானவர். "பெரம்பூர் பின்கோடு 11 ஆயிற்றே, 39 போட்டிருக்கிறீர்களே, அது வியாசர்பாடி அல்லவா?" என்றார். சிரித்தேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் வேறொரு கேள்வியும் கேட்கவில்லை. திறமை போதவில்லை என்று சொல்லியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

ஊர்ப் பெயர் வசைச்சொல் இல்லை ஐயா. அது நாங்கள் பிறந்த இடம்.

அங்கே ரவுடிகளே இல்லையா என்பீர்கள். இருக்கிறார்கள். அடையாறில் ஒருவன் வெட்டினால் அவன் கொலைகாரன். எங்கள் பக்கத்தில் ஒருவன் வெட்டினால் ஊரே கொலைகார ஊர். இந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை.

வெறும் நகைச்சுவைதானே என்கிறவர்களுக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டும். வாடகைக்கு வீடு கேட்டுப் போய், ஊரைச் சொன்னதும் "இப்போதுதான் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்" என்ற பதிலை நீங்கள் கேட்டதுண்டா? நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். 2008-ல் கேரம் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024-ல் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். 1918-ல், சங்கம் என்ற சொல்லே முதலாளிகளுக்குக் கசந்த காலத்தில், சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டி எழுப்பியவர்கள் பெரம்பூர் மில் தொழிலாளிகள். என் தாத்தாவும் பின்னாளில் அந்த மில்லில் தறி ஓட்டியவர். இவர்களில் யாரை நினைத்துப் பையைப் பொத்தினீர்கள்?

உங்கள் வீட்டு விளக்குக்கு எண்ணூரில் 2017 வரை நிலக்கரி எரிந்தது, அத்திப்பட்டில் இன்றும் எரிகிறது. சாம்பல் எங்கள் மொட்டைமாடியில் விழுகிறது. உங்கள் வண்டிக்கு மணலியில் பெட்ரோல் சுத்திகரிக்கிறார்கள். உங்கள் குப்பை கொடுங்கையூருக்கு வருகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரமெல்லாம் எண்ணெய் படர்ந்தது. மீனவர்கள் அதை வாளியால் அள்ளினார்கள். அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் இருக்கும் என் தங்கை, ஈரத்துணியால் குழந்தையின் மூக்கை மூடிக்கொண்டு தெருவில் ஓடினாள். அவளும் வடசென்னைதான். அவளைப் பார்த்தாலும் பையைப் பொத்துவீர்களா?

நேற்று இரவு மகள் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். முகவரி வந்ததும் நிமிர்ந்து, "அப்பா, பெரம்பூர் என்றே போட்டுவிடட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்கு நான் இதைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.