வினைல் ஒட்டினால் பலகை மக்காதா?

பாய்மரப் படகு கேபினில் பழைய தரைப்பலகை மேலேயே வினைல் (பிளாஸ்டிக் தரைவிரிப்பு) ஒட்டிவிட்டால் பலகை மக்காது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அன்புகூர்ந்து அப்படிச் செய்யாதீர்கள். வினைல் மேலே சிந்தும் தண்ணீரைத்தான் தடுக்கும். ஈரம் ஏறுவது அடியில், பில்ஜில் (தரைக்குக் கீழே படகின் அடிப்பள்ளத்தில்) தேங்கும் தண்ணீரிலிருந்து. மேலே மூடிவிட்டால் அந்த ஈரம் வெளியேற வழியில்லை; பலகை மக்கும், பசை விடும், ஓரம் தூக்கும். நாகை, காரைக்கால் பக்கம் ஐப்பசி மழையில் பலகை காயவே காயாது.

ஒட்டுமுன் நீங்களே பார்க்கலாம். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் அடிப்புறம் வேர்த்திருந்தால் பலகையில் ஈரம் இருக்கிறது. பலகையைத் தூக்கி அடிப்பக்க ஓரத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். முனை மெத்தென்று இறங்கினால் மாற்றத்தான் வேண்டும். ஐ.எஸ். 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்கி, இரு பக்கமும், முக்கியமாக வெட்டுமுனையும் திருகுத் துளையும், எபாக்சி (தண்ணீர் புகாத பிசின் பூச்சு) இரண்டு கோட் கொடுத்துக் காய்ந்தபிறகு வினைல் ஒட்டுங்கள்.