வாலை விடுங்கள் சார்

இரை விழுங்கிய மலைப்பாம்பை ஒருவர் வாலைப் பிடித்து நிற்க எடுத்து எல்லோரும் பகிரும் படத்தைத்தான் சொல்கிறேன். நேற்றிலிருந்து பத்துப் பேராவது எனக்கே அனுப்பிவிட்டீர்கள். "அண்ணா, செம ஷாட்!"

செம ஷாட்தான். மலைப்பாம்பின் வயிறு புடைத்திருக்கிறது, வாய் பிளந்திருக்கிறது. வாலைப் பிடித்திருக்கும் கையை மட்டும் க்ராப் பண்ண மறந்துவிட்டார்கள். வாட்ச்கூடத் தெரிகிறது.

பாம்பைப் படம் எடுக்கப் பாம்பைத் தொட வேண்டியதில்லை. இரை விழுங்கியதைத் தொடவே கூடாது. மிரண்டால் விழுங்கியதைக் கக்கிவிடக்கூடும். வாரக்கணக்கில் தாங்க வேண்டிய சாப்பாடு அது.

ஒரு ஜனவரியில் ராஜஸ்தானில் இருக்கும் பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தேன். எல்லோரும் பறவைக்குப் போவார்கள், நான் மலைப்பாம்புக்குப் போனேன். அங்கே குளிருக்கு முள்ளம்பன்றி வளைகளில் அவை ஒண்டிக்கொள்ளும். ரிக்‌ஷாக்காரர் வளைக்கு வெகு தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். இரண்டு மணி நேரம். ஃபிளாஸ்க்கில் டீ தீர்ந்தது, கால் மரத்தது. பனி விலகி வெயில் ஏறியதும் முதலில் மூக்கு, அப்புறம் தலை, அப்புறம் முழம் முழமாக உடம்பு. வெயில் பட்ட செதிலில், தண்ணீரில் எண்ணெய் சிந்தினாற்போல நீலமும் பச்சையும் ஓடின. இரையின் சூட்டை உணரும் மேலுதட்டுக் குழிகள்கூட லென்ஸில் தெரிந்தன. யாரும் எதையும் பிடித்து இழுக்கவில்லை.

அந்தப் படத்துக்கு 43 லைக். அதில் ஒன்று என் மைத்துனர். சரி, அது இப்போது எதற்கு.

"ரோட்டில் கிடந்தது, காப்பாற்றத்தான் தூக்கினோம்" என்கிறார்கள் படம் எடுத்தவர்கள். ரொம்பச் சந்தோஷம். காப்பாற்ற ஒரு நிமிடம் போதாதா? நீங்களே எடுத்த வீடியோ பதினொரு நிமிடம் ஓடுகிறதே! 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில்தான், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில்தான், மலைப்பாம்பும் இருக்கிறது. புலி ரோட்டில் படுத்திருந்தால் வாலைப் பிடிப்பீர்களா?

"நீ மட்டும் யோக்கியமா?" இல்லை. கேமரா வாங்கிய புதிதில், தலை தூக்கட்டும் என்று ஒரு மலைப்பாம்பைக் குச்சியால் சீண்டியிருக்கிறேன். தூக்கியது. பிறகு கழுத்தை நீட்டி நீட்டி ஒரு முயலைக் கக்கியது. மயிரெல்லாம் கோழையில் ஒட்டி, காது மட்டும் முயல் காதாகவே இருந்தது. நான் அப்போதும் க்ளிக் பண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் படங்களை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. தெரிந்ததால்தான் சொல்கிறேன்.

கடைசியாக, "அண்ணனுக்குப் பொறாமை" என்று சிரிப்பு பொம்மையோடு கமெண்ட் போட்ட தம்பிக்கு. பொறாமையா? எனக்கா? ஐந்து வருடம் காடு காடாக என்னோடு வந்தவன் நீ. குரலை உயர்த்தாதே, கிட்டே போகாதே, காத்திரு என்று உனக்குச் சொன்னது யார்? உன்னிடமிருந்து அந்த வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை. போகட்டும். என் பழைய 300 எம்எம் லென்ஸ் இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டில் கொடுத்துவிடு. நான் இல்லாவிட்டாலும் அண்ணி இருப்பாள்.