ரினிவல் பில் வருவதற்கு முன்னால்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி எடுக்கிறவர் டச், அதாவது வெள்ளியின் சுத்தம், கொஞ்சம் குறைந்தாலும் கட்டியைத் திருப்பித் தள்ளிவிடுவார். சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரர் கிழங்கு லோடு வந்தால் மாவுச்சத்து எத்தனை பாயின்ட் என்று பார்த்துத்தான் விலையே பேசுவார். இவ்வளவு கறாராகத் தொழில் செய்கிறவர்களிடம், "கம்ப்யூட்டர் சாப்ட்வேருக்கு வருஷம் எவ்வளவு கட்டுகிறீர்கள், புதுப்பிக்கும் கெடு எந்த மாதம்?" என்று கேட்டுப் பாருங்கள். "அது பையனுக்குத் தெரியும்" என்பார்கள், இல்லையென்றால் "டீலர் போட்டுக் கொடுத்துவிடுவார்" என்பார்கள். சேலத்தில் சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதித் தருகிறவள் நான். இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது. சாப்ட்வேர் விலை ஏறுவதை நாம் தடுக்க முடியாது. ஏறும்போது "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வரக்கூடிய நிலையில் நம் தொழிலை வைத்திருக்கிறோமா என்பது மட்டும் முழுக்க நம் கையில் இருக்கிறது.

ஒரு தடவை காசு கொடுத்து சிடி வாங்கிப் பத்து வருஷம் ஓட்டிய காலம் திரும்பி வராது. அடோபி 2013-லேயே போட்டோஷாப் வகையறாவின் புதிய பதிப்புகளைச் சந்தாவுக்கு மாற்றிவிட்டது. ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் 2016-ல் நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்தியது. சர்வர் சாப்ட்வேர் தயாரிக்கும் விஎம்வேர் நிறுவனம் 2023 நவம்பரில் பிராட்காம் என்ற கம்பெனியின் கைக்குப் போனது; அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்றுபோனது. ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பதற்கும் ஆயுள் உண்டு. விண்டோஸ் 10, ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 மூன்றுக்கும் மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது.

விலை ஏற டாலர் விலை ஏறத்தான் வேண்டும் என்றும் இல்லை. 2023-ல் ஆசிய நாடுகளின் விலையோடு சமன் செய்கிறோம் என்று சொல்லி, வணிகத்துக்கான ஆன்லைன் சேவைகளின் ரூபாய் விலையை மைக்ரோசாப்ட் 9 சதவீதம் ஏற்றியது. ஆகவே இந்த வருஷ பில்லையே அடுத்த வருஷத்துக்கும் பட்ஜெட்டில் எழுதி வைக்காதீர்கள். பத்து சதவீதமாவது கூட்டி எழுதுங்கள்.

விலையைவிட நிபந்தனைகள்தான் முக்கியம் என்பேன். வேர்டு, எக்செல், மெயில் எல்லாம் சேர்ந்த மைக்ரோசாப்ட் 365 சந்தாவை டீலர் மூலம் எடுக்கும் முறை 2022-ல் மாறியது. வருஷத்துக்கு ஒப்புக்கொண்டு எடுத்தால் முதல் 7 நாளுக்குள்தான் ரத்து செய்யவோ ஆள் எண்ணிக்கையைக் குறைக்கவோ முடியும். அதற்குப் பிறகு ஆள் சேர்க்கலாம், குறைக்க முடியாது. நடுவில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனாலும் அவர்கள் பேரில் கெடு முடியும்வரை கட்ட வேண்டியதுதான். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளும் மாதச் சந்தாவுக்கு 20 சதவீதம் கூடுதல். வருஷத்துக்கு ஒப்புக்கொண்டு மாதாமாதம் கட்டுகிறேன் என்றால் 2025 ஏப்ரலிலிருந்து அதற்கும் 5 சதவீதம் கூடுதல்.

இது நம்ம ஊருக்கு ரொம்பப் பொருந்துகிற விஷயம், ஏனென்றால் இங்கே பாதித் தொழில் சீசன் தொழில். ஏற்காட்டில் ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். வருஷம் முழுக்கப் பத்துப் பேர். கோடை சீசனுக்கு இன்னும் நான்கு பேர், மூன்று மாதம் மட்டும். பதினான்கு பேருக்கும் வருஷ லைசென்ஸ் போட்டால் அந்த நான்கு பேருக்காக 48 மாதத்துக் காசு போகிறது. அவர்களுக்கு மட்டும் மாதச் சந்தா எடுத்தால் 20 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தும் வருஷ லைசென்ஸ் ரேட்டில் பதினான்கரை மாதத்துக் காசைத் தாண்டாது. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! அரவை சீசன் பார்த்து ஆள் எடுக்கும் சேகோ ஆலைக்கும், தீபாவளிக்கு முன் ஆள் சேர்க்கும் இளம்பிள்ளை சேலைக் கடைக்கும் இதே கணக்குதான். டீலர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் ஜி.எஸ்.டி. சாப்ட்வேருக்கு 18 சதவீதம் வரி. உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் இருந்தால்தான் இன்புட் எடுக்க, அதாவது கட்டிய வரியை உங்கள் வரியில் கழித்துக்கொள்ள முடியும். முதலாளியின் சொந்த மெயில், சொந்த கார்டு, எண் போடாத பில் என்று வாங்கி அந்த 18 சதவீதத்தைக் கைவிடுகிறவர்கள் நிறையப் பேர். வெளிநாட்டு நிறுவனத்திடம் தொழிலுக்காக நேரடியாக வாங்கி, பில்லில் ஜி.எஸ்.டி. இல்லாமல் வந்தால் ரிவர்ஸ் சார்ஜ் முறையில், விற்றவருக்குப் பதில் வாங்கிய நாமே அந்த வரியைக் கட்ட வேண்டும். அதையும் உங்கள் ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கார்டில் ஆட்டோ டெபிட் போட்டாயிற்று, இனி கவலையில்லை என்று இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் போகும் இந்த மாதிரித் தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ஓ.டி.பி. கொடுத்தால்தான் போகும். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவலும் வரும். விலை ஏறி தொகை அந்த வரம்பைத் தாண்டிய வருஷம், தகவல் எந்தப் போனுக்குப் போகிறது என்று தெரியாவிட்டால், திங்கட்கிழமை காலை பில் போட உட்காரும்போது லாகின் ஆகாது.

இனி, நான் அதிகம் பயப்படுவது டேட்டாவைப் பற்றி. ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு 8 நிதியாண்டுகள். சந்தாவை நிறுத்தினால் அந்தப் பழைய கணக்கு திறக்குமா? டேலி கணக்கு சாப்ட்வேரில் நிரந்தர லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு டி.எஸ்.எஸ். என்ற ஆண்டுச் சந்தா முடிந்தாலும் கையிலுள்ள பதிப்பு ஓடும், டேட்டா உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். புதிய பதிப்பும் இணையச் சேவைகளும்தான் கிடைக்காது. மைக்ரோசாப்ட் 365 கெடு முடிந்தால் வேர்டு, எக்செல் கோப்புகளை அதில் படிக்கலாம், அச்சிடலாம், திருத்த முடியாது; கிளவுடில், அதாவது மைக்ரோசாப்ட் சர்வரில் உள்ள மெயிலும் கோப்புகளும் குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு அழிக்கப்பட்டுவிடும். மாதச் சந்தாவில் ஓடும் பில்லிங் ஆப்களில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. வாங்கும் முன்பே கேளுங்கள், பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள். வருஷக் கணக்கு முடித்ததும் டே புக், லெட்ஜர், ஸ்டாக், பில்கள் எல்லாவற்றையும் எக்செல்லிலும் பிடிஎப்பிலும் எடுத்து, தனி ஹார்டு டிஸ்க்கில் போட்டு, வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்றே ஒத்துக்கொள்வதில்லை.

அட்மின் லாகின் யார் பெயரில் இருக்கிறது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். மலைமேல் ஒரு விடுதியில் புக்கிங் சாப்ட்வேரின் அட்மின் நம்பர், வேலையை விட்டுப் போன மேனேஜருடையது. விலை ஏறியதால் வேறு சாப்ட்வேருக்கு மாறலாம் என்று முடிவெடுத்த பிறகுதான் அது தெரிந்தது. ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகிறது, அவர் எடுப்பதில்லை. வாடிக்கையாளர் விவரம், முன்பணம் எல்லாம் உள்ளே. வேறு வழியில்லாமல் ஏறிய விலைக்கே இன்னொரு வருஷம் கட்டினார்கள். நிறுவனத்தின் பெயரில் ஒரு மெயில், முதலாளி கையில் இருக்கும் ஒரு நம்பர். எல்லா அட்மின் கணக்கும், டொமைனும் (வெப்சைட் முகவரி)கூட, அதில்தான் இருக்க வேண்டும். டீலருக்கு வேண்டுமானால் தனி லாகின் கொடுங்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, கிராக் (லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி) போட்டுக்கொள்ளலாமே என்று பிரிண்டிங், பிளெக்ஸ் கடைகளில் சொல்கிறார்கள். செய்யாதீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில், திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. அந்தக் கிராக் வழியாக வைரஸ் வந்து வாடிக்கையாளர் டிசைன்கள் மொத்தமும் போனால் யாரிடம் முறையிடுவீர்கள்? கொட்டேஷனும் கடிதமும் மட்டும் அடிக்கிறவருக்கு ஆபீஸ் மாதிரியே வேலை செய்யும் லிப்ரே ஆபீஸ் இலவசம், போதும். டிசைனருக்கு முழு சாப்ட்வேர் வேண்டுமென்றால் வாங்குங்கள். மாதச் சந்தாவை வேலைக்கு வேலை பிரித்து உங்கள் ரேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் ஏறினால் சேர்க்கிறோம், இதையும் சேர்க்கலாம்.

கெடுவுக்கு மூன்று மாதம் முன்பே டீலரிடம் புது விலையை எழுத்தில் கேளுங்கள். மார்ச் கடைசியில் வரும் கெடுவை ஆகஸ்டுக்கோ செப்டம்பருக்கோ தள்ள முடியுமா என்றும் கேளுங்கள்; மார்ச்சில் யாருக்கும் ஒப்பிட்டுப் பார்க்க நேரம் இருக்காது. தனித்தனியாக ஐந்து லைசென்ஸ் வாங்குகிறவருக்குத் தள்ளுபடி கேட்கும் பலம் இல்லை. வெள்ளி, சேகோ, விசைத்தறி என்று நமக்கு எத்தனை சங்கங்கள் இருக்கின்றன! அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். யார் யார் எந்த சாப்ட்வேருக்கு எவ்வளவு கட்டுகிறோம் என்று ஒரு தாளில் எழுதினாலே ஒரே சாப்ட்வேருக்கு ஆளுக்கொரு விலை கொடுப்பது தெரிந்துவிடும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு இரண்டு டீலர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். கணக்குப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.