ஆமாம், விளம்பரம்தான். அதனால் என்ன?

'லெட்ஸ் அண்ட் கோ' என்ற ஜப்பானியக் கார்ட்டூனைப் பற்றிய அந்தப் பதிவை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். எனக்கே ஆறு பேர் அனுப்பிவிட்டார்கள். "லெட்ஸ் அண்ட் கோ ஒரு அரை மணி நேர பொம்மைக் கார் விளம்பரம், அதைப் பார்த்து வளர்ந்ததுகள் ஏமாந்த சோணகிரிகள்." சரி, ஒரு சோணகிரி பேசுகிறேன், கேளுங்கள்.

விளம்பரம்தான், மறுக்கவே இல்லை. கொஷிதா தெட்சுஹிரோ என்ற ஓவியர் 1994-இல் கொரோகொரோ என்ற ஜப்பானியச் சிறுவர் இதழில் அந்தக் கதையை வரைய ஆரம்பித்தார். கதையில் ஓடிய மேக்னம், சோனிக் என்ற கார்கள் தாமியா என்ற பொம்மை நிறுவனத்தின் பெட்டியில் கடைக்கு வந்தன. 1996 முதல் 1998 வரை டிவியில் 153 அத்தியாயங்கள் ஓடின. கார் விற்றது. போதுமா?

ஆனால் அந்தக் கார் பெட்டியைத் திறந்ததும் ஓடாது. உள்ளே உதிரி உதிரியாகக் கிடக்கும், நாம்தான் பூட்ட வேண்டும். ஒரே மோட்டார், இரண்டு பேட்டரி. ஒரு தண்டு வழியாக நான்கு சக்கரமும் சுற்றும். ஸ்டியரிங் கிடையாது, ரிமோட் கிடையாது. காரின் ஓரத்தில் இருக்கும் ரோலர் என்ற சின்னச் சக்கரம் பாதையின் சுவரில் உரசித்தான் வளைவில் திரும்பும். வேகமான மோட்டார் போட்டால் மேட்டில் பறந்து வெளியே விழும். வேகத்தைக் குறைத்தால் தோற்போம். எனக்குப் பள்ளியில் புரியாத கியர் விகிதம் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாய்ட் டெக்கில், அதாவது கீழ்த்தளத் திறந்தவெளியில் புரிந்தது. விளம்பரம் என்கிறீர்களே, எந்த விளம்பரம் உங்களுக்கு இதைச் சொல்லித்தந்தது? ஷாம்பு விளம்பரமா?

"கார் பக்கத்திலேயே ஓடி 'மேக்னம்!' என்று கத்தினால் கார் கேட்குமா?" என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருக்கிறார். ஐயா, ஒன்பது வயதில் எங்களுக்கும் தெரியும், கேட்காது என்று. டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு "ஓடுடா, ஓடுடா" என்று நீங்கள் கத்துவது மட்டும் மைதானத்தில் கேட்கிறதா? கையை விட்டுப் போன ஒன்றுக்குக் கத்த மட்டும்தான் முடியும். அந்தக் கதையே அதுதான். விக்டரி மேக்னம் கார் நொறுங்கியபோது அதை ஓட்டிய சிறுவன் கோ அழுததைப் பார்த்துச் சிரிக்கிறவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

பணமுள்ள பிள்ளைகளின் விளையாட்டு என்கிறார்கள். இருக்கலாம். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நல்ல மோட்டார் ஒன்றுதான் இருந்தது, மாற்றி மாற்றிப் போடுவோம்.

இரண்டு பேர் என்றால் நானும் என் தம்பியும். சீன மொழியில் டப் செய்த விசிடிதான் கிடைத்தது, ஒரு வார்த்தை புரியாது. வசனத்தை நாங்களே தமிழில் போட்டுக்கொள்வோம். அண்ணன் ரெட்சுவின் சிவப்பு சோனிக் வளைவில் கில்லாடி, தம்பி கோவின் நீல மேக்னம் நேர்ப்பாதையில் பாயும். அதனால் எனக்குச் சிவப்பு, அவனுக்கு நீலம். கேள்வியே இல்லை. எடையைக் குறைக்கிறேன் என்று ஊசியை மெழுகுவர்த்தியில் சுட்டு மேக்னத்தின் உடம்பெல்லாம் ஓட்டை போட்டான். வீடு முழுக்கப் பிளாஸ்டிக் நாற்றம். அம்மாவிடம் அடி வாங்கியது நான், அண்ணன் என்ற பதவிக்காக. மூன்றாவது பருவத்தில் இந்தச் சகோதரர்களை ஓரங்கட்டிவிட்டு வேறு ஜோடியைக் கொண்டுவந்தபோது இரண்டு பேரும் பார்ப்பதை நிறுத்தினோம். அப்படி ஒரு கோபம்.

எனவே திரும்பவும் சொல்கிறேன், விளம்பரம்தான். "நாற்பது வயதில் பொம்மைக்கு இவ்வளவு நீளப் பதிவா" என்று கேட்க வருகிறவர்கள் தாராளமாக அன்ஃபிரெண்ட் செய்யலாம். பதிவு எழுதியவர் மீதும் எனக்குப் பெரிய கோபமில்லை, யாரோ ஒருவர்.

அதன் கீழே சிரித்திருந்த நூற்றுச் சொச்சம் பேரை வேலை வெட்டி இல்லாமல் ஒவ்வொருவராகப் பார்த்தேன். அதில் ஒரு பெயர் எனக்குத் தெரிந்த பெயர். நான்கு வருடமாக என் பிறந்தநாளுக்குக்கூட ஒரு மெசேஜ் போடாத பெயர்.

டேய், உன் நீலக் கார் இங்கேதான் இருக்கிறது. பின்பக்க ரோலர் ஒன்று காணவில்லை, அதை நான் தொலைக்கவில்லை.