நயாகராவுக்குப் போகிறவர்கள் பஃபலோவில் ஏன் இறங்குவதே இல்லை?

அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்த்துவிட்டு வருகிற நம் ஆட்கள் எல்லோருடைய ஃபோனிலும் நயாகரா படம் ஒன்று கட்டாயம் இருக்கும். நீல பிளாஸ்டிக் கோட்டு, முகமெல்லாம் சாரல், பின்னால் அருவி. பார்க்க வேண்டிய அருவிதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் வாக்கில் பஃபலோ என்று ஒரு நகரம் இருக்கிறது. லூயிஸ் சல்லிவன், ஃபிராங்க் லாய்ட் ரைட், எச். எச். ரிச்சர்ட்சன் என்று அந்தக் காலத்து அமெரிக்காவின் பெரிய கட்டடக் கலைஞர்கள் பலரும் அங்கே கட்டியிருக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் பைசா செலவில்லாமல் பார்க்கலாம். அருவிக்குப் போகிற கார்களில் பல அந்த ஊரை ஒட்டித்தான் போகின்றன, ஆனால் யாரும் நிறுத்துவதில்லை. எனக்கு இது உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கட்டடம் பார்ப்பதற்காகவே ஊர் ஊராகப் போகிறவன். கையில் இருக்கிற காசு ஹாஸ்டல் படுக்கைக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் சரியாகப் போய்விடும். அப்படிச் சுற்றியதில் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. அமெரிக்க நகரங்களின் கட்டடக்கலையில் ஆகச் சிறந்தது டிக்கெட் வாங்கி ஏறுகிற உச்சியில் இல்லை, தரைத்தளத்தில் இருக்கிறது. ஆபீஸ் கட்டடங்களின் லாபி, நகரசபை, பழைய நூலகம், ரயில் நிலையம், இவைதான். 1880களிலிருந்து 1930 வரை அங்கே பணம் கொழித்தது. வாடகைக்கு விடுவதற்காகக் கட்டிய ஆபீசுக்குக்கூட, உள்ளே வருகிறவன் அசந்து நிற்க வேண்டும் என்று பளிங்கையும் பித்தளையையும் மொசைக்கையும் அள்ளிக் கொட்டினார்கள். அவற்றில் பல இன்றும் வேலை நாட்களில் திறந்துதான் கிடக்கின்றன. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். நம்மில் பலர் செக்யூரிட்டி ஏதாவது சொல்வாரோ என்று வெளியிலேயே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அதே சமயம் எம்பயர் ஸ்டேட் உச்சிக்கு ஆளுக்கு நாற்பது டாலருக்கு மேல் கொடுக்க யாரும் யோசிப்பதில்லை. உச்சியில் நின்றால் ஊர் தெரியும். கட்டடம் எங்கே தெரியும்?

பஃபலோவுக்கு வருமுன் சிகாகோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1871 தீவிபத்தில் ஊரின் நடுப்பகுதி சாம்பலானது. திரும்பக் கட்டியபோது நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது, லிஃப்டும் வந்துவிட்டது, மேலே மேலே போனார்கள். டியர்பார்ன், ஜாக்சன் தெருக்கள் சந்திக்கும் இடத்தில் மொனாட்நாக் கட்டடம் இருக்கிறது. அதன் வடக்குப் பாதி டேனியல் பர்னமும் ஜான் ரூட்டும் வடிவமைத்து 1891இல் முடிந்தது. பதினாறு மாடி, வெளிச்சுவர் முழுக்கச் செங்கல், சுமையைத் தாங்குவதும் அந்தச் சுவர்தான். பில்லர் போடாமல் சுவர்மேலேயே மாடி எழுப்பிய நம் ஊர்ப் பழைய வீடுகளில் சுவர் ஒன்றரை அடி, இரண்டடி கனம் இருக்கும் இல்லையா, அந்தக் கணக்கைப் பதினாறு மாடிக்குப் போட்டுப் பாருங்கள். தரைமட்டத்தில் சுவர் ஆறு அடி கனம். வாசலில் நுழைந்தால் இரண்டு எட்டு வைத்துத்தான் சுவரையே கடக்க முடியும். வெளியே ஒரு பூவேலை கிடையாது, சிற்பம் கிடையாது. அடியில் சுவர் மெல்ல வெளிப்பக்கமாக வளைந்து இறங்குகிறது, உச்சியில் மறுபடி லேசாக விரிகிறது. அந்த வளைவு ஒன்றே அதற்கு அழகு. ரூட் 1891 ஜனவரியில் 41 வயதில் இறந்துபோனார், கட்டடம் முடிந்ததை அவர் பார்க்கவில்லை.

தெற்குப் பாதியை ஹோலபர்ட், ரோச் என்ற வேறு இருவர் 1893இல் கட்டினார்கள். அங்கே எஃகுச் சட்டம், அதனால் சுவர் மெலிந்துவிட்டது. இரண்டு பாதியும் ஒட்டி நிற்கின்றன. தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் செங்கல் முடிந்து எஃகு தொடங்கும் காலம் கண்ணெதிரே நிற்கும். உள்ளே நீளமான நடை, இருபக்கமும் கடைகள், தொப்பிக்கடை, சவரக்கடை, காபிக்கடை. மாடிப்படியில் அலுமினியம் போட்டிருக்கிறார்கள். கட்டட வேலைக்கு அலுமினியத்தைப் பயன்படுத்திய மிக முந்தைய இடங்களில் அதுவும் ஒன்று. அந்தக் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். இத்தனைக்கும் நீங்கள் கொடுக்கும் காசு ஒரு காபிக்கு, அதுவும் வேண்டுமானால்.

அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் லாசால் தெருவில் ரூக்கரி. அதுவும் பர்னமும் ரூட்டும் கட்டியதுதான், 1888. வெளியே கருஞ்சிவப்புக் கோட்டை மாதிரி கனத்து நிற்கும், உள்ளே நுழைந்தால் கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் கொட்டும். அந்த லாபியை 1905இல் ரைட் வெள்ளைப் பளிங்கும் தங்க நிற வேலைப்பாடுமாக மாற்றினார். இந்த இடத்துக்கு இன்னொரு கதை உண்டு. தீக்குப் பிறகு சிகாகோவின் பொது நூலகம் முதன்முதலில் 1873இல் திறக்கப்பட்டது இதே மனையில், கைவிடப்பட்ட ஒரு இரும்புத் தண்ணீர்த் தொட்டிக்குள். எரிந்த ஊருக்கு என்று இங்கிலாந்திலிருந்து வந்த எட்டாயிரம் சொச்சம் புத்தகங்கள்தான் அதற்கு முதல் இருப்பு. அதே நூலகத்துக்கு 1897இல் மிஷிகன் அவென்யூவில் ஒரு மாளிகை எழும்பியது, இன்று அது கல்ச்சுரல் சென்டர். 38 அடி அகலத்துக்கு டிஃபனி நிறுவனத்தின் வண்ணக் கண்ணாடிக் குவிமாடம், படிக்கட்டெல்லாம் மொசைக், அனுமதி இலவசம். தண்ணீர்த் தொட்டியில் தொடங்கி கால் நூற்றாண்டுக்குள் இங்கே வந்து சேர்ந்த ஊர் இது என்று தெரிந்துகொண்டு அந்தக் குவிமாடத்தின் கீழே ஒரு பெஞ்சில் உட்காருங்கள், மனசு நிறைந்துவிடும். சாயங்காலம் பசித்தால் சிவப்புத் தட ரயிலில் லயோலா வரை போய் 155ஆம் எண் பஸ் பிடித்தால் டெவன் அவென்யூ, நம் சாப்பாடு நம் பட்ஜெட்டில் கிடைக்கும்.

அதே மிஷிகன் அவென்யூவில் ஆர்ட் இன்ஸ்டிடியூட் கட்டடம். 1893இல் விவேகானந்தர் பேசிய சர்வசமய மாநாடு நடந்தது அங்கேதான். அந்தப் பயணத்துக்காகச் சென்னையில் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டியது நமக்குத் தெரியும். உள்ளே காட்சியகத்துக்கு டிக்கெட் உண்டு, வெளிப்படியில் நிற்க டிக்கெட் வேண்டாம். அப்படியே சுற்றிக்கொண்டு மன்ரோ, கொலம்பஸ் தெரு முனைக்கு வாருங்கள். புல்வெளியில் தனியாக ஒரு வளைவு நிற்கும். 1894இல் சல்லிவனும் அவருடைய கூட்டாளி ஆட்லரும் கட்டிய பங்குச் சந்தையின் வாசல் அது. 1972இல் கட்டடத்தை இடித்தார்கள். ரிச்சர்ட் நிக்கல் என்ற புகைப்படக்காரர், சல்லிவனின் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபடுவதைத் தாங்க முடியாமல் படம் எடுத்தும் சிற்பத் துண்டுகளைக் காப்பாற்றியும் வந்தவர், இடித்துக்கொண்டிருந்த அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இடிபாடு சரிந்து இறந்தார். அந்த வளைவை எந்த டூர் பேக்கேஜிலும் நான் பார்த்ததில்லை.

சியர்ஸ் டவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பெயர் இப்போது வில்லிஸ். 110 மாடி. அதன் கட்டமைப்பை யோசித்தவர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லூர் ரஹ்மான் கான். ஒன்பது சதுரக் குழாய்களைச் சேர்த்துக் கட்டி, ஒன்றை ஒன்று தாங்குகிற மாதிரி நிறுத்தி, அதில் சிலவற்றைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். இதைப் புரிந்துகொள்ள மேலே ஏற வேண்டியதில்லை. ஆற்றுக்கு மறுகரைப் பக்கம் நின்று எந்தக் குழாய் எங்கே நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அப்புறம் வடக்கே ஹான்காக் கட்டடத்தின் வெளியே தெரியும் ராட்சத எக்ஸ் வடிவச் சட்டங்களையும் பாருங்கள், அதுவும் அவர் வேலைதான். காற்றை எதிர்த்து நிற்கிற வேலையை அந்தச் சட்டங்கள் எடுத்துக்கொண்டதால் எஃகு வெகுவாக மிச்சமானது.

பிள்ளைகள் வீடு சிகாகோவின் புறநகரான நேப்பர்வில்லில் இருந்தால் கார் எதற்கு? மெட்ரா ரயில் நேராக யூனியன் ஸ்டேஷனுக்கு வருகிறது, 1925இல் திறந்த அந்த நிலையத்தின் பெரிய மண்டபமே முதல் காட்சி. அங்கிருந்து ரூக்கரி நடக்கிற தூரம். ஒரே நிபந்தனை, திங்கள் முதல் வெள்ளிக்குள் போங்கள். பிள்ளைகளுக்கு லீவு சனி ஞாயிறுதான் என்பதால் குடும்பமாக அன்றைக்குத்தான் கிளம்புகிறோம், அன்றைக்குத்தான் ஆபீஸ் லாபிகள் பூட்டிக் கிடக்கும். காவலர்களைப் பற்றிய பயம் தேவையில்லாதது. "லாபியைப் பார்க்க வந்தோம்" என்று சொன்னால் பெரும்பாலும் விடுகிறார்கள். ஒரு கட்டடத்தில் படம் எடுக்கக் கூடாது என்று என்னிடம் சொன்ன காவலரே, ஃபோனை உள்ளே வைத்ததும் கூட நடந்து வந்து லிஃப்ட் கதவின் வேலைப்பாட்டைக் காட்டினார்.

நியூயார்க் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், நான் இரண்டே இடம் சொல்கிறேன். ஜேஎஃப்கே விமான நிலையத்தில் ஈரோ சாரினன் வடிவமைத்து 1962இல் திறந்த டிடபிள்யூஏ விமான நிறுவனத்தின் டெர்மினல் இப்போது ஹோட்டல். தங்காதவர்களும் உள்ளே போய்ப் பார்க்கலாம், டெர்மினல்களுக்கு இடையே ஓடும் ரயிலும் இலவசம், ஐந்தாம் டெர்மினலில் இறங்கினால் போதும். கான்கிரீட்டை இப்படி வளைக்க முடியுமா என்று இருக்கும். இன்னொன்று கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம், 1913. கீழ்த்தளத்துக்கு இறங்கும் வழியில் தாழ்வான ஓட்டு வளைவுகள் இருக்கின்றன, ஸ்பெயினிலிருந்து வந்த குவாஸ்தவினோ குடும்பத்தின் வேலை. மெல்லிய ஓடுகளை அடுக்கடுக்காக ஒட்டியே கூரையாக்கும் முறை அது. அந்த வளைவின் ஒரு மூலையில் முணுமுணுத்தால் எதிர்மூலையில் நிற்பவருக்குக் கேட்கும்.

சரி, பஃபலோ. 1825இல் ஈரி கால்வாய் திறந்ததும் மேற்கிலிருந்து வந்த தானியமெல்லாம் இந்த ஊர் வழியாகத்தான் நியூயார்க்குக்குப் போனது. 1842இல் ஜோசப் டார்ட் இங்கே நீராவியால் இயங்கும் தானியத் தூக்கியை நிறுவினார். பின்னால் ஆற்றோரம் முழுக்க எழுந்த கான்கிரீட் தானியக் கிடங்குகளின் படங்களைப் பார்த்து ஐரோப்பாவில் நவீனக் கட்டடக்கலையின் முன்னோடிகளான குரோப்பியஸும் கொர்புசியேவும் அசந்து போனார்கள். அந்தப் பிரம்மாண்டமான உருளைகள் இன்றும் நிற்கின்றன. ஒரு ஆலை இன்னும் ஓடுகிறது, காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் ஊரெல்லாம் வறுத்த ஓட்ஸ் வாசனை.

அந்தப் பணம்தான் கேரண்டி கட்டடமாக நிற்கிறது. 1896, ஆட்லரும் சல்லிவனும், பதின்மூன்று மாடி. எஃகுச் சட்டத்தின்மேல் தெருப்பக்கம் முழுக்கச் சுடுமண் ஓடு போர்த்தியிருக்கிறார்கள், செங்காவி நிறம். தூரத்தில் பார்த்தால் நெட்டுக்குத்தான கோடுகள் மட்டும் தெரியும். பக்கத்தில் போய்த் தூணில் மூக்கு படுகிற மாதிரி நில்லுங்கள். விதை, காம்பு, இலை, அதற்குள் வடிவியல் கோடுகள், கண் மட்டத்திலிருந்து உச்சிக் கூரை விளிம்பு வரை விடாமல் ஓடுகிறது. பதின்மூன்றாவது மாடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று சல்லிவன் நினைக்கவில்லை. 1970களில் இதையும் இடிக்கப் பார்த்தார்கள், ஊர்க்காரர்கள் போராடிக் காப்பாற்றினார்கள். கொஞ்ச தூரத்தில் எலிகாட் ஸ்கொயர், 1896இல் திறந்தபோது உலகிலேயே பெரிய ஆபீஸ் கட்டடம், பர்னம் நிறுவனத்தின் வேலை. நடுவே கண்ணாடிக் கூரை போட்ட முற்றம், தரையில் ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் பளிங்குத் துண்டுகள் பதித்த மொசைக்.

காப்பாற்ற முடியாததும் உண்டு. ரைட் 1906இல் முடித்த லார்கின் நிர்வாகக் கட்டடத்தை 1950இல் இடித்தார்கள், அந்த இடம் கார் நிறுத்துமிடமானது. இன்று மிச்சம் இருப்பது மதிற்சுவரின் ஒரே ஒரு செங்கல் தூண். நான் அதைப் பார்ப்பதற்காகவே போனேன். அந்தச் செங்கல் வரிசையின் நேர்த்தியை வைத்து மீதிக் கட்டடத்தை மனசுக்குள் கட்டிப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

அந்தக் கோபம் காரின் மேலும்தான். அழகான பழைய நகரங்களை அமெரிக்கா தானே குடைந்து பார்க்கிங் ஆக்கிக்கொண்டது. பூங்கா வடிவமைப்பாளர் ஓம்ஸ்டெட் பஃபலோவில் வரிசை வரிசையாக மரம் வைத்து உருவாக்கிய ஹம்போல்ட் பார்க்வே என்ற சாலையை 1960களில் வெட்டிப் பள்ளமாக்கி நெடுஞ்சாலை போட்டார்கள். இரண்டு பக்கமும் இருந்தது கறுப்பின மக்களின் குடியிருப்பு, அது இரண்டாகப் பிளந்தது. 1959இல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறந்ததும் தானியக் கப்பல்கள் பஃபலோவைத் தாண்டிப் போய்விட்டன. 1950இல் 5,80,000 பேர் இருந்த ஊர் பாதியாகச் சுருங்கியது. காரிலிருந்து பார்த்தால் இந்த இழப்பும் தெரியாது, மிஞ்சியதும் தெரியாது. நடக்கிறவனுக்கு இரண்டும் தெரியும். கார் இல்லாமல் ஹூஸ்டன், ஃபீனிக்ஸ் மாதிரி ஊர்களில் அல்லாட வேண்டும் என்பது உண்மை, அங்கே போகச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. கட்டடம் பார்க்க ஆசையும் கையில் குறைந்த காசும் இருப்பவர்கள் சிகாகோ, பஃபலோ, டெட்ராய்ட், பிலடெல்ஃபியா பக்கம் போங்கள்.

நயாகரா திட்டம் ஏற்கெனவே இருந்தால் ஒரு வேலை நாளை மட்டும் இதற்கு ஒதுக்குங்கள். நயாகரா ஃபால்ஸ் ஊரிலிருந்து ஆம்ட்ராக் ரயிலும் உண்டு, ஊர்ப் பஸ்ஸும் உண்டு. ரயில் எக்ஸ்சேஞ்ச் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறக்கிவிடும், கேரண்டி கட்டடம் அங்கிருந்து நடக்கிற தூரம். மெயின் ஸ்ட்ரீட்டில் தரைமேல் ஓடுகிற பகுதியில் மெட்ரோ ரயிலுக்கு டிக்கெட்டே இல்லை. 1931இல் கட்டிய நகரசபையில் லிஃப்டில் 25ஆம் மாடி போய், மூன்று மாடி படி ஏறினால் 28இல் பார்வை மாடம், இலவசம், ஈரி ஏரியும் அக்கரைக் கனடாவும் தெரியும். ஆபீஸ் நேரம் முடிந்தால் அதுவும் மூடிவிடும், அதனால் காலையில் முதலில் அதை முடித்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.