ஒக்கி இடித்த இருபதடிச் சுவர்

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட அன்று, அடுத்த விளையில், அதாவது தோட்டத்தில், நின்ற ரப்பர் மரம் ஒன்று வேரோடு சாய்ந்து எங்கள் காம்பவுண்டுச் சுவரில் விழுந்தது. இருபதடி நீளத்துக்குச் சுவர் போய்விட்டது. கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராமல் கரையெல்லாம் அழுதுகொண்டிருந்த நாட்களில் சுவரைப் பற்றிப் பேச யாருக்கு வாய் வரும்? அப்புறம் கையில் காசு இல்லை. காசு வந்தபோது எனக்கு அந்தச் சுவர் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அந்த இருபதடியைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

வீடு கட்டும்போது நாங்களும் எல்லாரையும் போலத்தான் செய்தோம். ஜேசிபியை வரவழைத்து எட்டு சென்ட் விளையையும் ஒரே நாளில் மட்டமாக்கினோம். அப்பா காலத்து வேலி அதோடு போயிற்று. நொச்சி, ஆடாதோடை, முள்முருங்கை, ஓரத்தில் கைதை என்கிற ஒரு தாழம்புதர், மேலெல்லாம் கோவைக் கொடி. அதற்குப் பதிலாகக் கல் அஸ்திவாரம் போட்டு ஐந்தடிச் சுவர், உள்ளே புல்தரை, தொட்டியில் குரோட்டன்ஸ். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு வருஷம் அந்தத் தோட்டத்தில் ஒரு தையல்சிட்டின் கூட்டை நான் பார்க்கவில்லை. வேலி இருந்த காலத்தில் வருஷம் தவறாமல் பார்த்திருக்கிறேன்.

சுவர் விழுந்த இடத்தில் முதலில் முளைத்தது நம்மூர்ச் செடி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்யூனிஸ்ட் பச்சை வந்தது. பின்னாலேயே உண்ணிச்செடி. வாய்க்கால் பக்கமிருந்து மஞ்சள் பூவோடு சிங்கப்பூர் டெய்சி பாய் விரித்த மாதிரி படர்ந்து வந்தது. "சும்மா விட்டால் இயற்கை தானே திரும்பிவிடும்" என்று சிலர் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அது பாதி உண்மைதான். மூன்று வருஷம், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிடுங்கினேன். சிங்கப்பூர் டெய்சியின் ஒரு கணு மண்ணில் கிடந்தாலும் மறுபடி வேர்விடும்.

பிடுங்கிய இடத்தில்தான் மற்றவை வந்தன. கறிவேப்பிலையும் வெட்சியும் சின்னான் குருவியின் எச்சத்தில் வந்தவை. காட்டுப்பலா வகையான அயினியின் கன்று ஒன்று எப்படி வந்தது என்று தெரியாது, அணில் கொண்டுவந்திருக்கலாம். நொச்சியும் ஆடாதோடையும் நான் வைத்தவை. எடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது முழ நீளக் கம்பாக வெட்டிச் சாய்வாக ஊன்றினால் போதும், வேறு பண்டுவம் ஒன்றும் வேண்டாம்.

அம்மாவுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. "மக்ளே, இப்படிக் காடு மாதிரி போட்டா பாம்பு வரும்லா?" என்பாள். வராது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பாம்பு எலியைத் தேடித்தான் வருகிறது. மிச்சச் செங்கல்லையும் தேங்காய்த் தொண்டையும் விறகையும் சுவரோரம் குவித்து வைத்திருந்த காலத்திலும் அது வந்துகொண்டுதான் இருந்தது. இப்போது அந்தக் குவியல்களை அகற்றிவிட்டேன். வேலிக்கும் வீட்டுக்கும் நடுவே நாலடி இடம் எப்போதும் பெருக்கிச் சுத்தமாக இருக்கும். அம்மா இரவில் டார்ச் இல்லாமல் அந்தப் பக்கம் போகமாட்டாள். அதுவும் நல்லதுதான்.

இந்த வேலியில் எனக்கு மிகப் பிடித்தது ஈஸ்வரமூலி. கருடக்கொடி என்றும் சொல்வார்கள். அதை வைத்த மறுவருஷம் இலைகளில் ஓட்டை விழுந்தது. மருந்து அடிக்கலாமா என்று யோசித்தபடி இலையைத் திருப்பிப் பார்த்தேன். விரல் பருமனில் ஒரு புழு. கருஞ்சிவப்பு உடம்பு, மேலெல்லாம் சதைமுள், நடுவில் மட்டும் சுண்ணாம்பால் கோடு போட்ட மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. ரோஜா அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு அது. இந்தக் கொடியின் குடும்பத்துச் செடிகளைத் தவிர வேறு இலையை அது தின்னாது. கொடியிலுள்ள நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகளும் அதைத் தொடுவதில்லை. அதே நஞ்சு மனிதச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஆகவே நாட்டு மருந்து என்று யாரும் இதை அரைத்துக் குடித்துவிட வேண்டாம். அந்த வருஷம் கொடியில் பாதி இலைதான் மிஞ்சியது. மழை பெய்ததும் மறுபடி தழைத்துவிட்டது.

இதிலிருந்துதான் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. 2019-ல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்கள், எல்லாரும் படம் பகிர்ந்தோம். அதன் புழு தின்பது மரோட்டி இலை. நம் மலையோர ஓடைக்கரைகளில் நிற்கிற மரம். ஒரு காலத்தில் அதன் விதையில் எண்ணெய் ஆட்டி விளக்கெரித்தார்கள். இன்று நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு நர்சரியில் போய் மரோட்டிக் கன்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட இடங்களில் கிடைக்கவில்லை. வெளிநாட்டு அழகுச்செடியான கோனோகார்பஸ் எத்தனை வேண்டுமானாலும் கிடைத்தது. குஜராத் அரசு 2023-ல் தடை செய்த செடி அது.

வெளியிலிருந்து வந்த செடி எல்லாவற்றையும் நான் வெறுக்கவில்லை. மரச்சீனிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் திருவிதாங்கூரில் பரப்பப்பட்டது. கிழங்கும் மீனும் இல்லாமல் நம் வீட்டில் ஒரு வாரம் ஓடுமா? ஆனால் மரச்சீனி வைத்த இடத்தில் நிற்கும். உண்ணிச்செடி அப்படியில்லை, காட்டுக்குள் ஏறிவிட்டது. ஆகாயத்தாமரை குளத்தை மூடிவிட்டது. இந்த இரண்டுமே 19-ஆம் நூற்றாண்டில் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவை. இதை வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காட்டையும் குளத்தையும் கெடுத்த செடிகள் தோட்டத்து வாசல் வழியாகத்தான் போயிருக்கின்றன. சுசீந்திரம் தேரூர்க் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது பெருமைப்பட்டோம். வெட்டிய அழகுச்செடியை வாய்க்காலில் எறிகிற பழக்கத்தை மட்டும் நாம் விடவில்லை. வாய்க்கால் போய்ச் சேர்வது குளத்தில்தானே.

மரக்கன்று நடும் விழாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் குளக்கரை ஒன்றில் ஒரு ஜூன் மாதம் வரிசையாக வெளிநாட்டு மரமான மகாகனியை நட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஏற்கெனவே அங்கே தானாக முளைத்து நின்ற புன்னைக் கன்றுகளை 'புதர்' என்று வெட்டிவிட்டுத்தான் நட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. முதலில் அங்கே என்ன இருந்தது, எது வரத் துடிக்கிறது, எது தடுக்கிறது என்று பார்க்க வேண்டாமா? பிச்சாவரத்தில் அழிந்த அலையாத்திக் காட்டை மீட்டபோது மீன்முள் போலக் கிளைவாய்க்கால் வெட்டி, கடலின் ஓதநீர் ஏறி இறங்கிப் போய்வர வழி செய்துதான் கன்று வைத்தார்கள்.

நாட்டுச்செடிக்கு மாவட்டம் முழுமைக்கும் ஒரே பட்டியல் போடவும் முடியாது. குலசேகரம் பக்கம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்போது ஆரல்வாய்மொழியில் காற்றுதான் வீசும். மரோட்டியை அஞ்சுகிராமத்தில் வைத்தால் கருகிப்போகும். அங்கே பனையும் உடைமரமும் ஆவாரையும்தான் மண்ணுக்குச் சொந்தக்காரர்கள். உங்கள் ஊருக்கு எது என்று தெரிய வேண்டுமானால் ஊர்ப் பெயரையே கேட்கலாம். மருதங்கோட்டில் மருது, காஞ்சிரகோட்டில் காஞ்சிரம் என்கிற எட்டி, தாழக்குடியில் தாழை. பிறகு எண்பது வயதுப் பாட்டி யாரிடமாவது, சின்ன வயசில் வேலியில் என்ன நின்றது என்று கேளுங்கள். என் அம்மா ஒரே மூச்சில் பதினேழு பெயர் சொன்னாள். அதில் ஐந்தை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

போன மாதம் கொத்தனார் வந்து மிச்சச் சுவருக்கு வெள்ளையடிக்க அளவெடுத்தார். இந்த இருபதடியையும் சேர்த்துக் கட்டிவிடலாமே என்றார். வேண்டாம் அண்ணே என்றேன். தெற்குப் பக்கச் சுவரில் இன்னும் பத்தடி இடித்தால் எவ்வளவு கூலி ஆகும் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

நொச்சிக் கம்பு வேண்டுபவர்கள் எடவப்பாதிக்கு முன்னால் சொல்லுங்கள், வெட்டி வைக்கிறேன். ஈஸ்வரமூலிக் காய் வெடித்துக் குட்டிக் குட்டித் தொங்குகூடை மாதிரி வேலியில் ஆடிக்கொண்டிருக்கிறது. விதை எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வருகிறவர்கள் வீட்டுக்கு வந்தே வாங்கிக்கொள்ளலாம்.