இடுப்பு மூட்டின் மேல் பூசியிருப்பது மருந்தா?

செயற்கை இடுப்பு மூட்டின் பூச்சில் மருந்து இருக்கிறது, அது ஆயுள் முழுக்க ரத்தத்தில் கசியும் என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். மார்த்தாண்டம், குளச்சல் பக்கக் குடும்பக் குழுக்களிலும் இதே செய்தி சுற்றுகிறது.

அண்ணா, தவறாக நினைக்க வேண்டாம். எலும்போடு ஒட்டவைக்கும் சிமெண்ட் இல்லாமல் பொருத்தும் மூட்டுகளில் வழக்கமாகப் பூசுவது மருந்து அல்ல, ஹைட்ராக்ஸி அபடைட் என்ற தாது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தது. நம் எலும்பின் கடினப் பகுதியும் ஏறக்குறைய அதுவேதான். அதனால்தான் எலும்பு அதை ஒட்டி வளர்ந்து உலோகத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. 1980-களிலிருந்தே இது புழக்கத்தில் உள்ளது.

மருந்து வெளியிடும் பூச்சுகளும் உண்டு. கீழ்க்கால் எலும்பு முறிந்தால் உள்ளே செருகும் கம்பிகள் சிலவற்றில், கிருமித் தொற்றைத் தடுக்க ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து பூசியிருக்கும். அதிலும் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே வெளியேறிவிடும்.

சரி, உங்கள் வீட்டில் உள்ளவருக்கு வைத்தது எது? டிஸ்சார்ஜ் ஃபைலைத் திறந்து பாருங்கள். தக்கலையில் இருக்கும் என் அத்தையின் ஃபைலில், ஆபரேஷன் குறிப்புக்குக் கீழே கட்டைவிரல் அகலத்தில் நாலு ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. நிறுவனத்தின் பெயர், மாடல் எண், லாட் எண், ஒன்றில் ஹைட்ராக்ஸி அபடைட்டைக் குறிக்கும் எச்.ஏ. என்ற எழுத்துகள். அந்த மாடல் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் தேடினால் பூச்சு என்னவென்று தெரிந்துவிடும். ஸ்டிக்கர் இல்லையென்றால் ஆபரேஷன் குறிப்பின் நகலை மருத்துவமனையில் கேளுங்கள். அத்தை இந்தச் செய்தியைப் படித்து இரண்டு நாள் தூங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.